பெண்ணுறுப்புச் சிதைப்பு எதிர்ப்பில் பெண்களின் சான்றுரை – ஒரு திறனாய்வு

முன்னுரை

மருத்துவக் காரணம் ஏதுமின்றிப் பெண்ணின் பிறப்புறுப்பைப் பகுதியாகவோ முழுமையாகவோ வெட்டியகற்றுவதும், அதற்குக் காயம் உண்டாக்குவதும் உலகின் பல பகுதிகளில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். உலக நலவாழ்வு நிறுவனம் இதனை நான்கு வகைகளாகப் பகுத்துள்ளது. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 31 நாடுகளில் 23 கோடிக்கும் மேற்பட்ட சிறுமியரும் பெண்களும் இவ்வழக்கத்திற்கு உள்ளானவர்களாக வாழ்கின்றனர். 2012 டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை இதனை ஒழிக்க உலக நாடுகளை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. 2030ஆம் ஆண்டிற்குள் இதனை ஒழிப்பது வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளுள் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது.

இம்முயற்சிகளில் ஈடுபடும் அமைப்புகள் பலவும் ஒரு கருத்தில் உடன்படுகின்றன. இவ்வழக்கத்திற்கு உள்ளான பெண்களின் குரல் திட்டமிடலிலும் சட்டமாக்கலிலும் இடம்பெற வேண்டும் என்பதே அது. இதில் கருத்து வேறுபாடு எழ வாய்ப்பில்லை. ஆயின் ‘குரல்’ என்று எதனைக் கொள்வது, எவ்வகைப் பேச்சு சான்றாக ஏற்கப்படுகிறது, எது ஏற்கப்படாமல் விடுபடுகிறது ஆகிய வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. சான்றுரையும் ஓர் இலக்கிய வடிவமே. அதற்குத் தொடக்கமும் உச்சமும் முடிவும் உண்டு. எதிர்பார்க்கப்படும் வாசகரும் உண்டு. எனவே இவ்வினாக்கள் திறனாய்வுக்கும் உரியவை. இச்சான்றுரைகளின் வடிவத்தை ஆராய்ந்து, தமிழ் பேசும் பெண்கள் தொடர்பில் அவ்வடிவம் போதாமையுறும் இடத்தைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலகறிந்த சான்றுரைகள்

எகிப்திய மருத்துவரும் எழுத்தாளருமான நவால் எல் சாதவி (1931–2021), அரபு மொழியில் 1977இல் வெளியிட்டு, ‘ஏவாளின் மறைந்த முகம்’ எனப் பொருள்படும் தலைப்பில் 1980இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலின் தொடக்கத்தில், ஆறு வயதில் தமக்கு நேர்ந்ததை எழுதியுள்ளார். இரவில் படுக்கையிலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட சிறுமி தாயை அழைக்கிறாள்; தன்னைச் சூழ்ந்து நிற்போருள் தாயும் ஒருத்தியாக நிற்பதைக் காண்கிறாள். வலியைக் காட்டிலும் இக்காட்சியே அப்பகுதியின் மையமாக அமைந்துள்ளது. சோமாலியாவில் பிறந்த வாரிஸ் டைரி 1997இல் இதழ் நேர்காணல் ஒன்றில் தம் அனுபவத்தை வெளிப்படுத்தினார், அவ்வாண்டே ஐ.நா.வின் சிறப்புத் தூதராகவும் ஆனார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய தன்வரலாறு பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 2009இல் திரைப்படமாகவும் வந்தது. அதிலும் குழந்தையின் பக்கத்தில் தாய் இருக்கிறாள்.

இவ்விரு நூல்களும் பின்வந்த சான்றுரைகளுக்கு ஒரு வாய்பாட்டை வகுத்துத் தந்தன எனலாம். அறியாச் சிறுமி, நம்பிக்கைக்குரிய பெண்ணின் துணை, கத்தி, குருதி, நீண்ட மௌனம், பின்னர் வாய் திறத்தல் என்பது அவ்வாய்பாடு. இதன் ஆற்றல் மறுக்கவியலாதது. புள்ளிவிவரம் செய்ய இயலாததை ஒரு காட்சி செய்துவிடுகிறது. ஆயினும் வாய்பாடு நிலைத்த பின்னர், அதற்குப் பொருந்தாத அனுபவம் சான்றாகவே தோன்றாது போகும் நிலையும் உருவாகிறது.

இச்சிக்கல் புதியதன்று. 1980இல் கோபன்ஹேகனில் ஐ.நா. மகளிர் மாநாட்டையொட்டி நடந்த தன்னார்வ அமைப்புகளின் கூட்டத்தில், மேலைநாட்டுப் பெண்ணியவாதிகள் இப்பொருளை எடுத்துரைத்த முறையை ஆப்பிரிக்கப் பெண்கள் பலர் எதிர்த்தனர். அவர்கள் அவ்வழக்கத்திற்கு ஆதரவாகப் பேசவில்லை. தங்கள் உடல் காட்சிப்பொருளாக்கப்படுவதையே எதிர்த்தனர். காயத்தைக் காட்ட மட்டும் அழைக்கப்பட்டு, காரணத்தையும் தீர்வையும் சொல்ல அழைக்கப்படாத நிலை அவர்களுக்கு ஏற்புடையதாக இல்லை. சாதவியும் இதே கருத்தினர். பெண்ணின் மற்ற அடிமை நிலைகளிலிருந்து இவ்வொன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பேசுவதை அவர் தொடர்ந்து மறுத்துவந்தார்.

இந்தியாவில் எழுந்த குரல்கள்

இந்தியாவில் இவ்வழக்கம் தாவூதி போரா சமூகத்தினரிடையே ‘கத்னா’ அல்லது ‘கஃப்ஸ்’ என்னும் பெயரில் வழங்குகிறது. பெரும்பாலும் ஏழு வயதளவில் செய்யப்படுகிறது. ரெஹானா காதியாலி 1991இல் ‘மானுஷி’ இதழில் எழுதிய கட்டுரை இதுபற்றிய முன்னோடிப் பதிவாகும். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 2011இல், தஸ்லீம் என்னும் பெயரை மட்டும் வெளியிட்ட ஒரு பெண் சமூகத் தலைமைக்கு விண்ணப்பம் எழுதிக் கையொப்பம் திரட்டினார். 2012இல் பிரியா கோஸ்வாமி இயக்கிய ‘எ பிஞ்ச் ஆஃப் ஸ்கின்’ என்னும் ஆவணப்படத்தில் போரா பெண்கள் பேசினர். அவர்களுள் பலருடைய முகங்கள் காட்டப்படவில்லை. 2015இல் மசூமா ரனால்வி தம் அனுபவத்தைத் தம் பெயரிலேயே எழுதினார். தின்பண்டம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பாட்டி அழைத்துச் சென்றதை அவர் நினைவுகூர்ந்தார். அவ்வாண்டே பெண்கள் பலர் பெயர் வெளியிட்டு ஒன்றிணைந்தனர். ‘சஹியோ’ என்னும் அமைப்பும் அவ்வாண்டில் உருவாயிற்று.

பெயரின்றி ஒரு விண்ணப்பம், முகமின்றி ஒரு படம், பெயரோடு ஒரு கட்டுரை, பலர் கூடிய ஓர் இயக்கம் என நான்கைந்து ஆண்டுகளுக்குள் இக்குரல் வளர்ந்த முறை கருதத்தக்கது. ஒவ்வொரு படியும் அடுத்ததற்கு இடம் கொடுத்தது. முகங்காட்டாத பெண்கள் முன்னர்ப் பேசியிராவிடில் முகங்காட்டிய பெண்கள் பேசியிருத்தல் அரிது.

எனினும் அரசின் முன்னிலையில் இக்குரல்கள் பெற்ற மதிப்பு வேறு. சுனிதா திவாரி என்னும் வழக்கறிஞர் 2017இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், இந்தியாவில் இவ்வழக்கம் இருப்பதற்கு அதிகாரப்பூர்வமான தரவோ ஆய்வோ இல்லை என ஒன்றிய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் அவ்வாண்டு டிசம்பரில் தெரிவித்தது. பெண்கள் பெயரோடும் முகத்தோடும் கூறியவை ‘தரவு’ என்னும் சொல்லுக்குள் அடங்கவில்லை. அதன் பின்னர் 2018 தொடக்கத்தில் லட்சுமி அனந்தநாராயண், ஷபானா திலர், நடாஷா மேனன் ஆகியோரின் ஆய்வு வெளிவந்தது. 94 பேரிடம் நேர்காணல் செய்த அவ்வாய்வு, அவர்களுடைய ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்மக்களுள் 75 விழுக்காட்டினர் இவ்வழக்கத்திற்கு உள்ளாயினர் எனக் காட்டியது. அவ்வாண்டில் ஒன்றிய அரசு நீதிமன்றத்தில் இவ்வழக்கத்திற்கு எதிரான நிலை எடுத்தது. 2018 செப்டம்பரில் வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 2019 நவம்பரில் சபரிமலை சீராய்வுத் தீர்ப்பின் வழியாகச் சமய உரிமை பற்றிய பெரிய வினாக்களோடு அது இணைக்கப்பட்டது. ஒரு சிறுமியின் உடல் பற்றிய வினா, சமயப் பிரிவினரின் உரிமை பற்றிய வினாவாக உருமாறிய இடம் இதுவாகும்.

பெயரின்மையும் நம்பகமும்

பெயர் சொல்லாத சான்றுக்கு நம்பகம் குறைவு என்னும் கருத்து நீதிமன்றத்திலும் ஊடகத்திலும் பொதுவாக நிலவுகிறது. தமிழ் இலக்கிய மரபை அறிந்தோர்க்கு இக்கருத்து முழுமையானதாகத் தோன்றாது. அகப்பாடலில் வரும் மாந்தரின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுக்கும் மரபு. பெயர் நீங்குவதால் அங்கு அனுபவம் மங்குவதில்லை. மாறாக அனுபவம் எவர்க்கும் உரியதாகிறது. அவ்வாறே, தலைவி தன் வாயால் சொல்லவியலாத உண்மையைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உரைக்கும் அறத்தொடு நிற்றல் என்னும் துறையும் ஈண்டு எண்ணத்தக்கது. ஒருத்தியின் உண்மை மற்றொருத்தியின் வாய்வழி வெளிப்படுவதைத் தமிழ் மரபு பொய்யென்று கொள்ளவில்லை; அறம் என்றே பெயரிட்டது. ‘சஹியோ’ என்னும் குஜராத்திச் சொல்லும் தோழியர் என்னும் பொருளுடையது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

இவ்வொப்புமையை மிகைப்படுத்துதல் கூடாது. அகப்பாடலின் பெயரின்மை ஒரு செய்யுள் நெறி. இப்பெண்களின் பெயரின்மை அச்சத்தால் நேர்ந்தது. சமூக விலக்கம், திருமணத் தடை, அடக்க இடம் மறுக்கப்படுதல் ஆகியவை பற்றிய அச்சங்கள் அதன் பின்னே உள்ளன. எனினும் பெயரின்மையைக் குறையாக மட்டும் காணாமல் அதன் உள்ளமைப்பை வாசிக்கும் பயிற்சியை மரபு நமக்குத் தந்துள்ளது. தற்காலத் தமிழிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. பாமாவின் ‘கருக்கு’ (1992) புனைபெயரில் வெளிவந்த தன்வரலாறு. அதனால் அதன் உண்மை குறையவில்லை. பெங்களூரில் சங்கமா அமைப்பில் பணியாற்றிய ரேவதி, திருநங்கையரின் வாழ்வனுபவங்களைத் திரட்டி ‘உணர்வும் உருவமும்’ (2004) என்னும் நூலாக்கினார். அந்நூலின் பொருள் வேறு; விரும்பி ஏற்கும் உடல் மாற்றத்தைக் குழந்தைக்கு இழைக்கப்படும் வெட்டோடு ஒப்பிட இயலாது. ஆனால் அவ்வனுபவத்தை உடைய ஒருவரே கேட்பவராகவும் தொகுப்பவராகவும் இருந்தமையால் சொல்லும் முறையே மாறியது என்பது இரண்டுக்கும் பொது.

நினைவில் இல்லாத காயம்

தமிழ் பேசும் பெண்களிடையே இவ்வழக்கம் இலங்கை முஸ்லிம் சமூகத்தில் காணப்படுகிறது. ‘சுன்னத்து’, ‘கத்னா’ என வழங்கும் இதனை ‘ஒஸ்தா மாமி’ எனப்படும் பெண்கள் வீடுகளுக்குச் சென்று செய்துவந்துள்ளனர். பெரும்பாலும் குழந்தை பிறந்த நாற்பது நாட்களுக்குள் இது நிகழ்கிறது. இங்குள்ள போரா குடும்பங்களில் மட்டும் ஏழு வயதளவில் நிகழ்கிறது. 2017 டிசம்பரில் முஸ்லிம் பெண்கள் சிலர் இலங்கை நாடாளுமன்றத்தின் மகளிர் தொடர்பான மேற்பார்வைக் குழுவின் முன் இதுபற்றி முறையிட்டனர். 2018இல் சுகாதார அமைச்சு, மருத்துவர்கள் இதனைச் செய்தல் கூடாது எனச் சுற்றறிக்கை வெளியிட்டது.

இங்குதான் முற்கூறிய வாய்பாடு முறிகிறது. நாற்பது நாள் குழந்தைக்கு நினைவில்லை. தூக்கிச் செல்லப்பட்ட இரவும், ஏமாற்றப்பட்ட கணமும், கத்தியும், தாயின் முகமும் அவள் நினைவில் இல்லை. தனக்கு என்ன செய்யப்பட்டது என்பதை, வளர்ந்த பின்னர்ப் பிறர் சொல்லக் கேட்டே அவள் அறிகிறாள். பலர் இறுதிவரை அறிவதில்லை. செய்யப்பட்டது ஒரு கீறலா, வெட்டா என்பதை அறியவும் அவளிடம் வழியில்லை. காட்சியை எதிர்பார்க்கும் உலகத்தின் முன் அவளுக்குச் சொல்ல ஒரு காட்சியும் இல்லை. எனவே அவள் சான்றாளராகவே கருதப்படுவதில்லை. ‘நினைவே இல்லாதபோது துன்பம் ஏது?’ என்னும் வாதமும் எளிதாக எழுகிறது.

இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. நினைவு இல்லாமை இவ்வழக்கத்தின் தற்செயலான விளைவு அன்று. அது தொடர்வதற்கான வழிகளுள் ஒன்று. ஏழு வயதில் வெட்டப்பட்டவள் தன் மகளின் ஏழாம் வயதில் தன் நினைவை எதிர்கொள்ள நேர்கிறது; மறுப்பதற்கான வாய்ப்பு அங்கு உண்டு. நாற்பது நாளில் வெட்டப்பட்டவளுக்கு அவ்வெதிர்கொள்ளல் இல்லை. குளிப்பாட்டுதல், முடியிறக்குதல், பெயர் சூட்டுதல் ஆகிய சடங்குகளின் வரிசையில் இதுவும் ஒன்றாக நடந்து முடிகிறது. தடுத்து நிறுத்தும் நினைவு எவரிடமும் இல்லாமையால் வழக்கம் அமைதியாகத் தொடர்கிறது.

ஆகவே இங்குச் சான்றுரையின் பொருள் விரிவுபெற வேண்டும். இத்தகைய பெண்ணிடம் உள்ளது நிகழ்ச்சியின் நினைவு அன்று. அதனை அறிந்த நாளின் நினைவு. யார் சொன்னார், எந்தச் சொல்லால் சொன்னார், அதன் பின்னர்த் தாயை எவ்வாறு நோக்கினாள், தன் மகள் பிறந்தபோது வீட்டில் என்ன பேச்சு நடந்தது, அவள் என்ன முடிவெடுத்தாள் என்பன அவளுடைய சான்றாகும். மகளுக்குச் செய்யவிட்டுப் பின் வருந்தும் தாயின் பேச்சும் இவ்வகையினதே. அவள் ஒரே நேரத்தில் இழைக்கப்பட்டவளாகவும் இழைத்தவளாகவும் நிற்கிறாள். சாதவியின் நூலில் சூழ நின்றவர்களுள் ஒருத்தியாகக் காணப்பட்ட அத்தாயின் தரப்பை உலகம் அரிதாகவே கேட்டுள்ளது. இலங்கைச் சூழலில் அத்தரப்பைக் கேளாமல் சான்று என்பதே இல்லை.

பெயரிடும் உரிமை

குரலுக்கு இடமளித்தல் என்பதன் முதற்படி, பெயரிடும் உரிமையை அளித்தலாகும். 1990இல் அடிஸ் அபாபாவில் கூடிய, மரபு வழக்கங்கள் பற்றிய ஆப்பிரிக்க நாடுகளிடைக் குழு ‘சிதைப்பு’ என்னும் பொருளுடைய சொல்லை ஏற்றது. உலக நலவாழ்வு நிறுவனம் 1991இல் அதனைப் பரிந்துரைத்தது. அச்சொல் வெளியிலிருந்து திணிக்கப்பட்டது என்போர் இதனைக் கருதவேண்டும். மறுபுறம், போரா பெண்களின் அமைப்புகளுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. மசூமா ரனால்வியின் இயக்கம் ‘சிதைப்பு’ என்கிறது. சஹியோ பெரும்பாலும் ‘வெட்டு’ என்கிறது. தன் தாயைச் சிதைத்தவள் என்று கூறத் தயங்கும் பெண்ணையும் உரையாடலுக்குள் கொண்டுவருவது பின்னதன் நோக்கம்.

சட்டத்தில் இச்சொல் வேறுபாடு பெரும் விளைவுடையது. ஆஸ்திரேலியாவில் போரா சிறுமியர் இருவர் தொடர்பான வழக்கில், சிறு காயம் ‘சிதைப்பு’ ஆகுமா என்பதே மையச் சிக்கலாயிற்று. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை நீக்கியது. 2019 அக்டோபரில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம், சட்டத்தின் நோக்கத்தையொட்டிச் சிறு காயமும் அச்சொல்லுள் அடங்கும் என்றது.

தமிழில் நிலை மேலும் சிக்கலானது. ‘விருத்தசேதனம்’ என்னும் சொல் விவிலிய வழக்கில் ஆணுக்குரியது. அதனைப் பெண்ணுக்கு ஆளும்போது இரண்டும் ஒன்றென்னும் மயக்கம் நேர்கிறது. ‘சுன்னத்து’ என்பது நபிவழியைக் குறிக்கும் சொல்லாதலின் கேள்விக்கே இடமின்றிச் செய்கிறது. எகிப்தின் அல் அஸ்ஹர் உயர்நிலை ஆய்வுக்குழு 2007இல் இவ்வழக்கத்திற்கு இஸ்லாமியச் சட்டத்தில் அடிப்படை இல்லை என அறிவித்தமையை நோக்க, அச்சொல்லின் பொருத்தம் ஐயத்திற்குரியது. ‘பெண்ணுறுப்புச் சிதைப்பு’ என்பதோ மொழிபெயர்ப்புச் சொல். அறிக்கையில் பொருந்தும், அடுக்களையில் பொருந்தாது. பெங்களூரின் விவேக் நகர் போன்ற, தமிழும் கன்னடமும் உருதும் கலந்து புழங்கும் பகுதிகளை எண்ணிப் பார்க்கலாம். அங்கு ஒரு பெண் தன் உடலின் எந்தத் துன்பத்தையும் வீட்டில் ஒரு மொழியிலும், மருத்துவமனையில் மற்றொரு மொழியிலும் சொல்ல, அது ஆங்கிலப் படிவத்தில் பதிவாகிறது. மூன்று மொழிகளைக் கடந்து வருவது அவள் குரலா, படிவத்தின் குரலா என்னும் ஐயம் இயல்பானது.

பெண்களைக் குறிக்கும் சொல்லும் இவ்வாறே ஆராயத்தக்கது. ‘பாதிக்கப்பட்டவர்’ என்பதில் உள்ள ‘படு’ துணைவினை அவளைச் செயப்பாட்டு நிலையிலேயே நிறுத்துகிறது. ‘தப்பியவர்’ பொருந்தாது, அவள் தப்பவில்லை. ‘மீண்டவர்’ என்பது துன்பம் முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது. அவள் செய்யும் செயலால் அவளைக் குறிக்கும் ‘சான்றுரைப்பவர்’ என்னும் சொல் இவற்றினும் ஏற்புடையது.

மாறுபடும் குரல்கள்

உச்ச நீதிமன்ற வழக்கில், சமய உரிமைக்கான தாவூதி போரா பெண்கள் சங்கம் எதிர்த்தரப்பில் இணைந்தது. தாங்கள் செய்வது ‘கஃப்ஸ்’, அது தீங்கற்றது, தங்களைப் பாதிக்கப்பட்டவர் எனப் பிறர் கூறுதல் தகாது என்பது அவர்களின் வாதம். குரல்களுக்கு இடமளிக்க வேண்டும் என்போர் இக்குரலைப் புறந்தள்ள இயலாது. அதே வேளையில், இருவகைக் குரல்களும் கோருவது ஒன்றன்று. முதிர்ந்த பெண் தன் உடல் பற்றித் தான் கொண்ட கருத்தைச் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. ஏழு வயதுச் சிறுமிக்கும் நாற்பது நாள் குழந்தைக்கும் அவ்வுரிமை வருவதற்கு முன்னரே முடிவு செய்யப்படுகிறது என்பதே சான்றுரைப்பவர்களின் முறையீடு. எனவே எத்தனை பெண்கள் எத்தரப்பில் பேசினர் என எண்ணிப் பார்ப்பது இங்குத் தீர்வாகாது. பேச இயலாத குழந்தையின் இடத்தில் நின்று யார் பேசுகிறார் என்பதே அளவுகோல்.

இவ்வளவுகோல் நடைமுறையில் பயன்பட்டமைக்குக் காம்பியா சான்று. 2015இல் அந்நாடு இவ்வழக்கத்தைத் தடைசெய்தது. 2024இல் அத்தடையை நீக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் வந்தபோது, ஜஹா துக்குரே உள்ளிட்ட, இவ்வழக்கத்திற்கு உள்ளான பெண்கள் அதனை எதிர்த்து முன்நின்றனர். அவ்வாண்டு ஜூலையில் மசோதா தோற்றது. அங்கு அப்பெண்கள் தங்கள் காயத்தைக் காட்டியதோடு நில்லாமல், அடுத்த தலைமுறைக்கு என்ன வேண்டும் என்பதையும் வாதிட்டனர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், பெண்ணுறுப்புச் சிதைப்பு எதிர்ப்பில் சான்றுரைகள் ஒரு குறிப்பிட்ட கதைவடிவில் நிலைபெற்றுள்ளமையும், அவ்வடிவம் நினைவுள்ள காட்சியை அடிப்படையாகக் கொண்டுள்ளமையும் பெறப்படும். பெயரற்ற சான்று நம்பகம் குறைந்தது அன்று என்பதை உணரத் தமிழ் அக மரபும் தற்காலத் தன்வரலாறுகளும் துணைசெய்கின்றன. இலங்கையின் தமிழ் பேசும் முஸ்லிம் பெண்களுள் பெரும்பாலோர்க்கு அக்காட்சியே இல்லாமையால், உலக முயற்சிகள் தங்கள் செவியை வேறுவகையில் பழக்க வேண்டியுள்ளது. அறிந்த நாளின் நினைவும், தாயின் தயக்கமும், மகளுக்காக எடுத்த முடிவும் அங்குச் சான்றுகளாகும். இந்தியாவும் இலங்கையும் முன்சுட்டிய 31 நாடுகளின் கணக்கில் இல்லை. கணக்கு வரும்வரை காத்திருப்பின் அதற்குள் பிறக்கும் குழந்தைகளுக்கு அக்கணக்கால் பயனில்லை. நினைவற்ற காயத்தைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழில் பெண்களே வழங்கும் சொற்களைத் திரட்டுவதும், அச்சொற்களோடு அவர்களின் சான்றுரைகளைப் பதிவுசெய்வதும் தமிழாய்வுத் துறைகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.